பதாகையும் ஆட்சேபக் கடிதமும்: மாநகரச் சட்டமியற்றலில் பங்கேற்க விரும்பும் கோலாலம்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் குடியிருக்கும் ஒருவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் மட்டுமே வாக்கு உண்டு. கூட்டரசுப் பிரதேசமான அந்நகருக்குச் சட்டமன்றம் கிடையாது. ஊராட்சி மன்றத் தேர்தலும் கிடையாது. தம் வீட்டுக்கு எதிரே எழும் கட்டடம் எத்தனை மாடி இருக்கலாம், திடலில் பாதியை யாருக்குக் கொடுக்கலாம், அங்காடிக்காரர் எந்த நேரத்தில் எந்த ஓரத்தில் கடை போடலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் டத்தோ பண்டாரை, அதாவது மாநகர மேயரை, அவர் தேர்ந்தெடுப்பதில்லை. கூட்டரசு அரசாங்கமே நியமிக்கிறது. பினாங்கில் மாநகர் மன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்றாலும் அவர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்களே. ஆகவே இந்நகரங்களில் பொதுமக்கள் தெருவில் கூடிக் குரல் எழுப்புவது வெறும் கோபத்தின் வெளிப்பாடு அன்று. இல்லாத வாக்குச்சீட்டின் வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் பொருள்.

எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1951இல் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்கும், மறு ஆண்டு கோலாலம்பூருக்கும் தேர்தல் நடந்தது. ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1ஆம் தேதி மாநகரானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன்; பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை உண்டு. இந்தோனேசியாவுடனான மோதல் நிலவிய 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே தொடர வேண்டும் என்று தன் அறிக்கையில் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதன் 15ஆம் பிரிவின் வழி, தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு மாநில அரசு தொடுத்த வழக்கும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. அந்த மேயரும், தேர்தலைக் காக்கச் சொன்ன ஆணையத் தலைவரும் நம்மவர்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு கதை.

முதலில் தேதியைப் பாருங்கள்

போராட்டம் எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கிறது. நம்மிடையே வழக்கமாக நடப்பது என்னவென்றால், மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு பதாகை எழுதுகிறோம். அதற்குள் ஆட்சேபம் தெரிவிப்பதற்கான காலம் முடிந்து, அனுமதி கையெழுத்தாகி, சில வேளைகளில் நிலமே கைமாறியிருக்கும். பினாங்கின் கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் அக்கிராமத்துக்காக எழுந்த குரல் நாடு முழுவதும் கேட்டது. ஆனால் அது உரக்கக் கேட்ட நேரத்தில் நிலம் கைமாறும் ஏற்பாடுகள் நெடுந்தூரம் நடந்து முடிந்திருந்தன. நீதிமன்றப் போராட்டம் கைகொடுக்காமல் 2009இல் கிராமம் இடிக்கப்பட்டது. மாற்று வீடுகளைப் பற்றிப் பேச்சு நடத்த அப்போராட்டம் உதவியது. கிராமத்தைக் காப்பாற்ற அதனால் இயலவில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் வட்டாரத்துக்கு இப்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கண்டறிவது.

மிகப் பெரிய கதவு, வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம். கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமும், பினாங்கு உட்படத் தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் இதற்கு வழி செய்கின்றன. கட்டமைப்புத் திட்டம் நகரத்தின் பொதுப்போக்கை வகுக்கும். உள்ளூர்த் திட்டம் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் அதன் பயன்பாட்டையும் அடர்த்தியையும் குறிக்கும். வரைவு வெளியானதும் ஏறத்தாழ ஒரு மாதமாவது ஆட்சேபம் பெறப்படும். நேரில் பேச விரும்புவோருக்குப் பின்னர் விசாரணை நடக்கும். ஓர் உள்ளூர்த் திட்டம் எவ்வளவு காலம் கிடப்பில் கிடக்கக்கூடும் என்பதற்குக் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2020 நல்ல சான்று: அதன் வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வந்தது, 2018இல்தான் அரசிதழில் ஏறியது. அடுத்ததான 2040 திட்டம் 2025இல் அரசிதழில் வெளியானது. ஒரு முறை அரசிதழில் ஏறிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதுவே பேசும்.

இந்தக் கதவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. மக்கள் வீடமைப்பு அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம், கோயில் நிர்வாகமும் எழுதலாம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுதலாம். தனித்தனிக் கட்டடத்துக்கான அனுமதி என்று வரும்போது இந்நிலை மாறிவிடுகிறது. அப்போது சட்டம் தேடுவது அண்டை நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளரை. பினாங்கில் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் அனுமதி கேட்கப்பட்டால் அண்டை உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் காரணங்களோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். அண்டை நிலம் என்றால் ஒட்டியிருக்கும் நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வாய்க்காலோ இடையில் இருக்கும் நிலம், அல்லது ஒரே முட்டுச்சாலையைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். இவ்வாறு ஆட்சேபம் தெரிவித்தவர்தாம், முடிவு பாதகமாக வந்தால், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும். எழுதாமல் ஊர்வலத்தில் மட்டும் நடந்தவருக்கு அவ்வாரியத்தில் நாற்காலி இல்லை. கோலாலம்பூரிலும் தனிக் கட்டட அனுமதி தொடர்பான அறிவிப்பு பக்கத்து நில உரிமையாளரை நோக்கியே போகிறது. வாடகைக்கு இருப்பவருக்குத் தெரிய வருவது பெரும்பாலும் நிலத்தின் வேலியில் தொங்கும் அறிவிப்புப் பலகையால்தான். அந்தப் பலகையைக் கண்டால் உடனே படம் எடுத்து, நில எண்ணையும் ஆட்சேபத்துக்கான கடைசி நாளையும் குடியிருப்பாளர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போடுங்கள்.

கடிதத்தை எப்படி எழுதுவது

ஆட்சேபக் கடிதம் மலாயில் இருப்பது நல்லது. தமிழில் கூடிப் பேசி, கருத்துகளைத் தமிழிலேயே திரட்டி, மலாயில் எழுதத் தெரிந்த இளையவர் இருவரிடம் ஒப்படைத்தால் போதும். கடிதத்தில் உங்கள் பெயர், முகவரி, அந்த இடத்தோடு உங்களுக்கு உள்ள தொடர்பு, திட்ட வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ள பக்கம், நில எண் ஆகியவை இருக்க வேண்டும். அடுத்து, எதை மாற்ற வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "மக்கள் பாதிக்கப்படுவார்கள்" என்று எழுதினால் படிக்கும் அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். "இந்நிலம் இப்போதைய திட்டத்தில் பொதுத் திடல், வரைவில் இது வணிக நிலமாகக் காட்டப்பட்டுள்ளது, திடலாகவே வைத்திருக்கக் கோருகிறோம், சுற்றியுள்ள இத்தனை அடுக்குமாடிகளுக்கு வேறு திடல் இல்லை" என்று எழுதினால் அதற்கு அவர் பதில் எழுத வேண்டியிருக்கும். கடைசி வரியில் நேரில் விளக்கம் அளிக்க விரும்புவதாகக் குறிப்பிட மறக்காதீர்கள். விசாரணைக்கு அழைப்பு அந்த வரியை வைத்துத்தான் வரும். முகப்பில் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியுடன் சாப் (அலுவலக முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் அனுப்பினால் ஒப்புகை எண்ணைச் சேமியுங்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால் அந்தச் சாப்தான் பேசும்.

ஒரே கடிதத்தை ஐந்நூறு நகல் எடுத்துக் கையெழுத்து வாங்குவது நம்மவருக்குப் பிடித்த வழி. அது எண்ணிக்கையைக் காட்டும். ஆனால் வாதம் ஒன்றுதான். பேருந்து நிறுத்தத்தைப் பற்றி ஒரு பாட்டியும், வடிகால் நிரம்புவதைப் பற்றி ஒரு கடைக்காரரும், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதையைப் பற்றி ஓர் ஆசிரியரும் தனித்தனியே எழுதும் பத்துக் கடிதங்கள் அந்த ஐந்நூறைவிட அதிக வேலை செய்யும் என்பது என் கருத்து.

கூடுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு குடிமக்களுக்கு அளிக்கிறது. அதை ஒழுங்குபடுத்துவது 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம். அமைப்பாளர் குடிமகனாகவும் 21 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர்கள் அமைப்பதும் கலந்துகொள்வதும் கூடாது. பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் கடைகளில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை ஆதரவுக்கு அழைத்து அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இத்தகைய பேரணியில் கலந்துகொள்ளக் கூடாது. இன்னொன்று நம்மை நேரடியாகத் தொடுகிறது: வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களிலும் அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பேரணி நடத்தக் கூடாது. எல்லாரும் அறிந்த இடம் என்பதற்காகக் கோயில் வாசலில் கூடுவது நம் வழக்கம். அந்த வழக்கத்தை இந்த விஷயத்தில் விட்டுவிட வேண்டும்.

பேரணிக்கு 5 நாள் முன்னதாக அவ்வட்டாரப் போலீஸ் தலைவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். முதலில் 10 நாளாக இருந்த இக்காலம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குறைக்கப்பட்டது. அறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கி 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்த 9(5)ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதற்காக அறிவிப்பே வேண்டாம் என்று முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. அறிவிப்பு கொடுத்தால் போக்குவரத்தைத் திருப்பிவிடப் போலீசுக்கு நேரம் கிடைக்கிறது. வயதானவர்களைக் கூட்டிவரும் குடும்பங்களுக்கு அச்சம் குறைகிறது. அமைப்பாளர் பெயர் ஆவணத்தில் இருப்பதால் பிறகு மகஜர் கொடுக்கப் போகும்போது "நீங்கள் யார்" என்ற கேள்வி எழுவதில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மாநகராட்சியும் ஒரு தரப்பு என்பதை மறக்கக் கூடாது. 2012 ஏப்ரல் 23ஆம் தேதி அமைதிப் பேரணிச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஐந்து நாள் கழித்து, 28ஆம் தேதி, தூய்மையான தேர்தல் கோரும் பெர்சே இயக்கத்தின் பேரணிக்கு டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தைப் பயன்படுத்த மாநகராட்சி இசையவில்லை. நீதிமன்ற ஆணையோடு சதுக்கம் மூடப்பட்டது. யாரை நோக்கிக் கேள்வி கேட்கப் போகிறோமோ அவரே திடலுக்கும் உரிமையாளராக இருப்பது இந்நகரத்தின் விசித்திரங்களில் ஒன்று. பினாங்கில் மாநில அரசு 2010இல் பாடாங் கோத்தா லாமாவில் பேச்சாளர் சதுக்கம் ஒன்றைத் திறந்தது. வட்டாரப் பிரச்சினைக்குப் பெரிய சதுக்கம் தேவையில்லை. சர்ச்சைக்குரிய நிலத்தின் ஓரத்திலேயே சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கூடுவது போதும். படத்தில் அந்த நிலம் தெரியும். பிறகு வேலை நாளில் ஜாலான் ராஜா லாவுட்டில் உள்ள மாநகராட்சித் தலைமையகத்துக்குச் சிறு குழுவாகச் சென்று மகஜரை அதிகாரியின் கையில் கொடுங்கள். மகஜரோடு இணைக்க வேண்டியது, சாப் குத்திய ஆட்சேபக் கடிதங்களின் நகல்.

கூட்டத்தையும் கடிதத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதைக் கோலாலம்பூர் மக்கள் 2013இன் இறுதியில் கண்டார்கள். மதிப்பீட்டு வரியைப் பன்மடங்கு உயர்த்தும் அறிவிப்புகள் அவ்வாண்டு நவம்பரில் வீடுகளுக்கு வந்தபோது, கண்டனக் கூட்டங்கள் நடந்த அதே நாட்களில், சட்டம் அனுமதித்த ஆட்சேபக் கடிதங்களும் திரளாகக் குவிந்தன. வரி விகிதம் பின்னர் குறைக்கப்பட்டது. மாநகராட்சியை அசைத்தது கூட்டமா கடிதமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே காலக்கெடுவை நோக்கி நகர்ந்தன என்பது மட்டும் தெளிவு.

கதவே இல்லாத இடத்தில்

துணைச்சட்டங்களின் நிலை வேறு. அங்காடி, சந்தை, நாய் வளர்ப்பு, குப்பை, விளம்பரப் பலகை முதலியவற்றுக்கான விதிகளை ஊராட்சி மன்றங்கள் துணைச்சட்டமாக இயற்றுகின்றன. மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்பது பொதுவான உச்சவரம்பு. வரைவுத் திட்டத்துக்கு இருப்பது போன்ற ஆட்சேபக் காலத்தை 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் துணைச்சட்டத்துக்கு வகுக்கவில்லை. ஆனால் மன்றம் இயற்றியவுடனே அது சட்டமாகிவிடுவதும் இல்லை: 103ஆம் பிரிவின்படி மாநில அரசு உறுதி செய்து, அரசிதழில் வெளியான பிறகே செல்லுபடியாகும். இந்த இடைவெளிதான் உங்கள் இடம். பினாங்கில் என்றால் ஊராட்சித் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினரிடமும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும், கோலாலம்பூரில் என்றால் கூட்டரசுப் பிரதேசத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும், எந்த விதியில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அமைதியான ஒரு கூட்டம் அப்போது செய்தியாளரை வரவழைக்கும். கூட்டம் இல்லாத மகஜர் கோப்புக்குள் போய் உறங்குவதுண்டு.

பினாங்கில் இன்னொரு வழியும் உண்டு. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி முழு மன்றக் கூட்டம், மன்றமே வேறு முடிவெடுத்தாலன்றி, பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்தது. உள்ளே பேச அனுமதி இல்லை, உட்கார்ந்து கேட்கலாம். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது என்பதுதான் குறை, ஏனெனில் உண்மையான விவாதம் பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது. கோலாலம்பூரில் டத்தோ பண்டார் ஒருவரே மன்றமாகச் செயல்படுவதால் போய் உட்கார அப்படியொரு முழு மன்றம் இல்லை.

யாருக்கு எதிராகக் கூடுகிறோம்

புக்கிட் கியாரா விவகாரத்தைப் பொறுமையாகப் படிப்பது எல்லாருக்கும் நல்லது. அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்தை 1980களின் தொடக்கத்தில் அரசு எடுத்துக்கொண்டபோது, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தற்காலிகமாக என்று சொல்லி நெடுவீடுகளில் குடியமர்த்தப்பட்டன. தற்காலிகம் பல பத்தாண்டுகளாக நீண்டது. 2017இல் அங்குள்ள பூங்காவான தாமான் ரிம்பா கியாராவில் உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டபோது, அதே திட்டத்துக்குள் இக்குடும்பங்களுக்கான வீடுகளும் வைக்கப்பட்டன. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் பூங்காவைக் காக்கக் கூடினார்கள், எழுதினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2021இல் வென்று, 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். நீதிபதி நளினி பத்மநாதன் வழங்கிய அத்தீர்ப்பு, சட்டப்படி வகுக்கப்பட்ட மேம்பாட்டுத் திட்டத்தை டத்தோ பண்டார் வெறும் ஆலோசனையாகக் கருதி ஒதுக்க முடியாது என்பதையும், விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்பதையும் உறுதி செய்தது. மனையின் உரிமையாளரான அறக்கட்டளையின் பொறுப்பில் அதே டத்தோ பண்டார் இருந்ததால் எழுந்த நல முரண்பாடும் அதில் சுட்டிக்காட்டப்பட்டது.

ஆனால் பூங்காவைக் காத்த வெற்றி, வீட்டுக்காகக் காத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு என்னவாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நெடுவீடுகள் நிற்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கத்தினர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார்கள். இருந்தும் ஒரே திட்டத்தில் பூங்காவையும் ஏழைகளின் வீட்டையும் முடிச்சுப் போட்டதால் இரு தரப்பும் எதிரெதிரே நிற்கும்படி ஆயிற்று. ஆகவே பதாகை எழுதும் முன், இத்திட்டம் நின்றால் யாருக்கு இழப்பு என்று விசாரித்து அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கான மாற்று வழியை உங்கள் ஆட்சேபக் கடிதத்திலேயே ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். அப்படி எழுதப்பட்ட கடிதத்தை "வசதி படைத்தவர்களின் முணுமுணுப்பு" என்று தள்ளிவிடுவது அதிகாரிக்குக் கடினம்.

எல்லாம் முயன்ற பிறகும் அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால் எஞ்சுவது உயர்நீதிமன்றத்தில் நீதிப்புனராய்வு, அதாவது அம்முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று ஆராயும்படி நீதிமன்றத்தைக் கேட்பது. முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து 3 மாதத்துக்குள், அதைத் தொடர நீதிமன்றத்தின் அனுமதி கோரி விண்ணப்பிக்க வேண்டும். தாமதம் செய்தவர்களை நீதிமன்றம் எளிதில் மன்னிப்பதில்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டி வரலாம் என்பதால், வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே எத்தனை வீடுகள் எவ்வளவு பணம் போடும் என்பதைக் கூட்டத்தில் பேசி, தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது, உங்கள் ஆட்சேபக் கடிதத்தின் சாப் குத்திய நகலைத்தான்.